தீபாவளிக்கு முந்தின ராத்திரி சாட்போட் நின்றால் யார் வருவார்?

கட்டங்களை இழுத்து வைத்துச் செய்வதா, நிரல் எழுதிச் செய்வதா? மலாக்கா வட்டாரத் தமிழ் வியாபாரிகள் முடிவெடுக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

மலாக்கா லிட்டில் இந்தியாவுக்கு, ஜாலான் பெண்டஹாரா பக்கம் போனால், சேலைக்கடையும் பூக்கடையும் வாழையிலைச் சாப்பாட்டுக் கடையும் கண்ணுக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரியாத கடைகள் வேறு இருக்கின்றன. மெர்லிமாவில் ஒரு வீட்டுப் பின்கட்டில் முறுக்கு சுடுகிறார்கள். அலோர் காஜாவில் கல்யாண மாலை கட்டுகிறார்கள். ஜாசினில் ரவிக்கை தைக்கிறார்கள். பத்து பெரெண்டாமில் வாரம் முழுக்கத் தொழிற்சாலை வேலை பார்த்துவிட்டு, சனி ஞாயிறில் கேட்டரிங் எடுக்கிற குடும்பங்கள் உண்டு. இவர்களுக்குப் பெயர்ப்பலகை கிடையாது. வாட்ஸ்அப் எண்தான் கடை.

நவராத்திரி பிறந்துவிட்டால் அந்த எண் ஓயாது. கிலோ என்ன விலை, எப்போது கிடைக்கும், தம்பின் வரை கொண்டுவந்து தருவீர்களா என்று ஒரே கேள்வியை ஐம்பது பேர் கேட்பார்கள். கை மாவில் இருக்கும்போது பதில் சொல்ல முடியாது. கையைக் கழுவிக்கொண்டு வந்து பார்த்தால், கேட்டவர் வேறு வீட்டில் ஆர்டர் சொல்லியிருப்பார். இந்த நேரம் பார்த்துத்தான் சாட்போட் விற்பவர்கள் வருகிறார்கள். “நிரல் எதுவும் தெரிய வேண்டாம், கட்டங்களை இழுத்து வைத்தால் போதும், மாதச் சந்தா மட்டும் கட்டுங்கள்” என்கிறார் ஒருவர். கணினி படிக்கிற தங்கை மகனோ, “எதுக்குப் பெரியம்மா மாசாமாசம் தெண்டம்? நானே எழுதித் தர்றேன்” என்கிறான்.

இருவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் பணம் போடுபவரும் பெயர் கெட்டால் தாங்க வேண்டியவரும் கடைக்காரர்தான். அவர் முதலில் கேட்க வேண்டியவை இரண்டு கேள்விகள். தீபாவளிக்கு முந்தின ராத்திரி இது நின்றுபோனால் சரிசெய்ய யார் இருக்கிறார்? நம் வாடிக்கையாளர் பட்டியல் யார் கையில் இருக்கிறது? விலை, அழகு, செயற்கை நுண்ணறிவு எல்லாம் இந்த இரண்டுக்கும் பிறகு வரட்டும்.

இரண்டு வழிகள்

கட்டங்களை இழுத்து வைத்துச் செய்யும் வழிக்கு லோ-கோட் என்ற பெயரை 2014-இல் புழக்கத்துக்குக் கொண்டுவந்தது ஃபாரெஸ்டர் என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனம். திரையில் கட்டங்கள் இருக்கும். ஒரு கட்டத்தில் கேள்வி, அடுத்ததில் பதில், நடுவே ஓர் அம்பு. வாடிக்கையாளர் ‘விலை’யை அழுத்தினால் இந்தப் பக்கம், ‘டெலிவரி’யை அழுத்தினால் அந்தப் பக்கம் என்று பாதை போட்டுவிட்டால் சாட்போட் ஓடத் தொடங்கிவிடும். கோலாலம்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட ரெஸ்பாண்ட்.ஐஓ, ஹாங்காங்கிலிருந்து வந்த வாட்டி, ஸ்லீக்ஃப்ளோ ஆகியவை வாட்ஸ்அப் வியாபாரத்தைக் குறிவைத்து இப்படி இயங்குபவை. மைக்ரோசாஃப்டின் கோபைலட் ஸ்டூடியோ, கூகுளின் டயலாக்ஃப்ளோ போன்றவற்றைப் பெரிய அலுவலகங்கள் எடுக்கின்றன.

நிரல் வழியில் இந்தக் கட்டங்கள் எதுவும் இல்லை. செய்தி வந்தால் எதைப் படிப்பது, எங்கே சேமிப்பது, என்ன பதில் அனுப்புவது என்று ஒவ்வொன்றையும் பைத்தான் போன்ற ஒரு நிரல்மொழியில் எழுத வேண்டும். 2022 மே மாதம் மெட்டா நிறுவனம் வாட்ஸ்அப் கிளவுட் ஏபிஐ என்ற இணைப்பு வழியைச் சிறு வியாபாரங்களுக்கும் திறந்துவிட்டது. அதிலிருந்து, நடுவில் ஒரு முகவர் நிறுவனம் இல்லாமலே நிரல் தெரிந்த ஒருவர் நேரடியாக இணைந்துகொள்ள முடிகிறது. பெர்லினில் தொடங்கிய ராசா போன்ற திறந்தமூலக் கருவிகளைச் சொந்தச் சர்வரிலேயே நிறுவிக்கொள்ளவும் முடியும்.

இவை இரண்டும் ஒன்றையொன்று விலக்குபவை என்று எண்ண வேண்டியதில்லை. சென்னையில் வேர்விட்டு, தென்காசி வரை அலுவலகம் வைத்திருக்கும் சோஹோ நிறுவனத்தின் சேல்ஸ்ஐக்யூ மென்பொருளில் ஸோபோட் என்றொரு சாட்போட் வசதி உண்டு. அதை நிரலே இல்லாமல் கட்டங்களாலும் செய்யலாம். டெலூஜ் என்ற அவர்களுடைய நிரல்மொழியில் எழுதியும் செய்யலாம். கட்டங்களில் தொடங்கி, தேவைப்பட்ட இடத்தில் மட்டும் நிரல் சேர்ப்பது இன்று உலகமெங்கும் பழகிவிட்ட முறை.

இரண்டுக்கும் முன்னால் ஒரு படி

சந்தாவும் வேண்டாம், நிரலும் வேண்டாம் என்ற படி ஒன்று இருக்கிறது. பலர் அதை முழுதாகப் பயன்படுத்தாமலே தாண்டிப்போகிறார்கள். 2018-இல் வந்த வாட்ஸ்அப் பிசினஸ் செயலி இலவசம். முதல் முறை எழுதுபவருக்குத் தானாக ஒரு வணக்கச் செய்தி, கடை மூடிய நேரத்துக்கு ஒரு செய்தி, அடிக்கடி சொல்லும் பதில்களுக்குக் குறுக்குவழி, படத்தோடும் விலையோடும் பொருள் பட்டியல், ‘பணம் வந்தது’, ‘இன்னும் வரவில்லை’ என்று ஒட்டிக்கொள்ளும் அடையாளங்கள் எல்லாம் அதில் உண்டு.

ஒரு நாளைக்கு முப்பது நாற்பது செய்தி வருகிற வீட்டு வியாபாரத்துக்கு இது பெரும்பாலும் போதும். விலைப்பட்டியலை ஒழுங்காகப் போட்டு, “காலை 9 மணிக்குப் பதில் சொல்கிறோம், ஆர்டர் கொடுக்க நாள், அளவு, ஊர் மூன்றையும் எழுதுங்கள்” என்று ஒரு செய்தி வைத்தாலே திரும்பத் திரும்ப வரும் கேள்விகளில் பெரும்பகுதி குறைந்துவிடும். இதைச் செய்து பார்க்காமல் சாட்போட்டுக்குப் பணம் கட்டுவது வீண். இதைச் செய்தும் சமாளிக்க முடியவில்லை என்றால்தான் அடுத்த படி.

ஒரு முறுக்கு ஆர்டர்

அடுத்த படி எவ்வளவு சிக்கலானது என்பதை ஒரு செய்தியைக் கொண்டே பார்த்துவிடலாம். மலாக்காவில் வாடிக்கையாளர் எப்படி எழுதுவார்? “அக்கா, மிங்கு டெப்பான் வீட்ல விசேஷம். முறுக்கு தீகா கிலோ, அச்சு முறுக்கு சிக்கிட். போலே?” இதையும் பெரும்பாலும் ஆங்கில எழுத்தில் தட்டியிருப்பார். தமிழும் மலாயும் ஒரே மூச்சில் வருகின்றன. நமக்கு இது இயல்பு, இயந்திரத்துக்குச் சோதனை.

சொல்லைப் பிடித்துப் பதில் சொல்லும் எளிய சாட்போட் ‘முறுக்கு’ என்ற சொல்லைக் கண்டதும் விலைப்பட்டியலை அனுப்பிவிட்டு நிற்கும். அடுத்த வாரம், மூன்று கிலோ, அச்சு முறுக்கு தனி என்பதையெல்லாம் விட்டுவிடும். பெரிய மொழி மாதிரிகளை உள்ளே வைத்த இன்றைய தளங்கள் இந்தக் கலப்பை ஓரளவு நன்றாகவே புரிந்துகொள்கின்றன. ஆனால் ‘சிக்கிட்’ என்றால் எத்தனை கிராம் என்று அதுவாகவே முடிவுகட்டி ஆர்டரைப் பதிவு செய்துவிடும் ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. ஆகவே எந்தத் தளத்தை வாங்கும் முன்னும், விற்பவர் காட்டும் மாதிரி உரையாடலை நம்பாமல், உங்கள் போனில் இருக்கும் பழைய செய்திகளில் ஒரு நூறைப் பெயர், எண் நீக்கி எடுத்துக் கொடுத்து ஓட்டிப் பாருங்கள். போன தீபாவளிக்கு வந்த செய்திகளைவிட நல்ல தேர்வுத்தாள் கிடையாது.

பொத்தான்களை வைத்துக் கேட்பதே பத்திரம். என்ன வேண்டும், எவ்வளவு, எந்த நாள், எடுத்துக்கொள்ள வருவீர்களா அல்லது கொண்டுவந்து தரவா என்று நான்கு கேள்வி. கடைசியில் முழு ஆர்டரையும் திருப்பிச் சொல்லி, ‘சரி’ என்று ஒரு பொத்தான். சென்னை மெட்ரோ ரயில் நிறுவனம் 2023 மே மாதம் வாட்ஸ்அப்பில் பயணச்சீட்டு கொடுக்கத் தொடங்கியபோது கையாண்டதும் இதே பாணிதான். பயணி ஒரு வணக்கம் அனுப்புகிறார், எந்த நிலையத்திலிருந்து எந்த நிலையத்துக்கு என்று தேர்ந்தெடுக்கிறார், பணம் கட்டுகிறார், சீட்டு வந்துவிடுகிறது. அரட்டை அடிக்கும் சாமர்த்தியம் எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை.

தமிழில் பொத்தான் வைப்பவருக்கு மட்டும் ஒரு சிக்கல் உண்டு. வாட்ஸ்அப்பில் ஒரு செய்திக்கு மூன்று பதில் பொத்தான்கள்தான் வைக்கலாம். ஒவ்வொன்றிலும் 20 எழுத்துக்கு மேல் போகக்கூடாது. கணினி எழுத்து எண்ணும் முறை நம் முறை இல்லை. ‘தீபாவளிப் பலகாரம் வாங்க’ என்பதை நாம் எண்ணினால் 13 எழுத்து. கணினியோ துணைக்காலையும் கொம்பையும் புள்ளியையும் தனித்தனியாக எண்ணி, இடைவெளியையும் சேர்த்து, 23 என்று சொல்லித் தள்ளிவிடும். ‘தீபாவளிப் பலகாரங்கள்’ என்றால் சரியாக 20, ஏற்றுக்கொள்ளும். லோ-கோட் தளம் சிவப்பு நிறத்தில் பிழை காட்டுவதும், நிரலில் செய்தி போகாமலே நின்றுவிடுவதும் இப்படிப்பட்ட சிறிய காரணங்களால்தான். தமிழ் தெரிந்த ஒருவர் உட்கார்ந்து செய்தால் ஐந்து நிமிட வேலை. தெரியாதவர் செய்தால் நம் கடைக்கு ஆங்கிலப் பொத்தான்தான் மிஞ்சும்.

கட்டங்கள் போதாமல் போகும் இடம்

முறுக்கு வியாபாரத்துக்கு உண்மையான எல்லை அடுப்புதான். ஒரு நாளைக்கு இருபது கிலோ சுடலாம் என்றால், இருபத்தோராவது கிலோவைக் கேட்பவரிடம் ‘அந்த நாள் நிறைந்துவிட்டது, மறுநாள் எடுத்துக்கொள்ளலாமா’ என்று கேட்க சாட்போட்டுக்குத் தெரிய வேண்டும். வருகிற ஆர்டரையெல்லாம் வாங்கிப் போட்டுவிட்டு, தீபாவளிக்கு முந்தின நாள் பாதிப் பேருக்கு இல்லையென்று சொல்ல வைக்கிற சாட்போட்டைவிட, சாட்போட் இல்லாத கடையே மேல்.

பெரும்பாலான லோ-கோட் தளங்கள் கூகுள் ஷீட்ஸோடு இணைந்துகொள்ளும். ஒவ்வொரு நாளுக்கும் மிச்சம் எத்தனை கிலோ என்று ஒரு தாளில் வைத்துக்கொண்டால், சாட்போட் அதைப் பார்த்துவிட்டுப் பதில் சொல்லும். ஆர்டர் மெதுவாக வரும்வரை இது நன்றாக ஓடும். ஒரே நொடியில் இரண்டு பேர் கடைசி இரண்டு கிலோவைக் கேட்டால் இரண்டு பேருக்குமே ‘சரி’ என்று போய்விடக்கூடும். ஒருவர் எடுத்து முடிக்கும்வரை அடுத்தவரை நிறுத்திவைக்கிற வேலையைத் தரவுத்தளம் செய்யும். அதற்குக் கொஞ்சம் நிரல் வேண்டும்.

நிரல் தேவைப்படுகிற மற்ற இடங்களும் உண்டு. பணம் வந்துவிட்டதா என்று ரசீதுப் படத்தை நம்பாமல் உறுதிசெய்ய, பில்பிளஸ், ஐபே88 போன்ற கட்டணவாசலோடு இணைக்க வேண்டும். போலி ரசீதுப் படங்களால் ஏமாறும் கடைகள் இருக்கிற காலத்தில் இது ஆடம்பரம் ஆகாது. லோரி போக்குவரத்து, மொத்த வியாபாரம் செய்பவர்களுக்கு 2024 ஆகஸ்டில் பெரிய நிறுவனங்களிலிருந்து தொடங்கி, படிப்படியாகக் கீழே இறங்கி வந்திருக்கும் மின் விலைப்பட்டியல் (இ-இன்வாய்ஸ்) முறை இருக்கிறது. வாங்குபவரின் வரி எண்ணைச் சாட்போட்டே கேட்டு வாங்கிக் கணக்கு மென்பொருளுக்கு அனுப்பினால், மாதக் கடைசி வேலை பாதியாகும்.

குரல் செய்தியும் அப்படித்தான். நியாலாஸ், ஆசஹான் பக்கத்துத் தோட்டங்களில் வளர்ந்த நம் பெரியவர்கள் பலர் தட்டச்சு செய்வதில்லை. பொத்தானை அழுத்திப் பிடித்துப் பேசிவிடுகிறார்கள். கட்டங்களால் மட்டும் கட்டிய சாட்போட் பெரும்பாலும் அதைக் கேட்காது. 2022 செப்டம்பரில் ஓப்பன்ஏஐ வெளியிட்ட விஸ்பர் என்ற திறந்தமூலக் கருவி தமிழ்ப் பேச்சை எழுத்தாக்கும். சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் குழுவும் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளுக்குப் பேச்சுக் கருவிகளைத் திறந்து வைத்திருக்கிறது. இவற்றை இணைக்க நிரல் தெரிந்தவர் வேண்டும். நம் பேச்சில் மலாய் கலந்திருப்பதால் பிழை வரும். ஆகவே எழுத்தாக்கியதைக் கடைக்காரர் கண்ணில் ஒரு முறை காட்டிவிட்டுத்தான் ஆர்டராக்க வேண்டும்.

சாட்போட் சொன்னால் கடை சொன்ன மாதிரி

2024 பிப்ரவரியில் கனடாவில் ஒரு தீர்ப்பு வந்தது. பாட்டி இறந்த துக்கத்தில் டிக்கெட் எடுத்த ஒருவருக்கு, பயணத்துக்குப் பிறகும் துக்கச் சலுகைக்கு விண்ணப்பிக்கலாம் என்று ஏர் கனடாவின் சாட்போட் தவறாகச் சொல்லிவிட்டது. நிறுவனம் பணம் தர மறுத்தது. சாட்போட் சொன்னதற்குத் தான் பொறுப்பில்லை என்று வாதாடியது. பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத்தின் தீர்ப்பாயம் அதை ஏற்கவில்லை. சுமார் 812 கனடிய டாலர் கொடுக்கச் சொன்னது. சாட்போட் வாயிலிருந்து வந்தது நிறுவனத்தின் வாக்கு என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம். அது நம் நாட்டுச் சட்டம் இல்லை. ஆனால் ஜாசினில் ஒரு கேட்டரிங்காரர் ‘தலைக்கு 15 வெள்ளி’ என்று சாட்போட் சொன்ன பிறகு 18 வெள்ளி கேட்டால், வாடிக்கையாளர் மனத்திலும் அதே தீர்ப்புதான் இருக்கும். விலை, நாள், அளவு இந்த மூன்றையும் செயற்கை நுண்ணறிவு தானாக இட்டுக்கட்ட விடக்கூடாது. பட்டியலிலிருந்து எடுத்துத்தான் சொல்ல வேண்டும்.

நம் நாட்டிலேயே ஒரு பாடம் இருக்கிறது. ஏர்ஏசியா 2019 ஜனவரியில் அவா என்ற சாட்போட்டைக் கொண்டுவந்தது. கனடாவின் ஏடா என்ற, நிரலில்லாத் தளத்தில் அமைந்தது அது. 2020-இல் கோவிட் வந்து விமானங்கள் நின்று, பணத்தைத் திரும்பக் கேட்டு மக்கள் அதன் கதவைத் தட்டியபோது, மனிதரிடம் போய்ச் சேர வழியில்லாமல் சுற்றிச் சுற்றி வந்ததாகப் புகார் குவிந்தது. கடைசியில் 2023-இல் அவாவை எடுத்துவிட்டு வேறொன்றை வைத்தார்கள். தளம் எதுவானாலும் இந்தக் கோளாறு வரும். மூன்று முறை புரியவில்லை என்றாலோ, ‘அக்காவிடம் பேசணும்’ என்று கேட்டாலோ உடனே மனிதர் கைக்கு உரையாடல் போய்விட வேண்டும். லோ-கோட் வாங்கினாலும் நிரல் எழுதினாலும் முதலில் கட்ட வேண்டியது இந்தக் கதவைத்தான்.

காசு எங்கே போகிறது

லோ-கோட் தளங்களின் சந்தா பெரும்பாலும் அமெரிக்க டாலரில் இருக்கும். ரிங்கிட் ஏறி இறங்கும்போது அதுவும் ஏறி இறங்கும். செய்திகளின் எண்ணிக்கை, வாடிக்கையாளர் எண்ணிக்கை, பயன்படுத்தும் ஆட்கள் என்று ஏதாவது ஒன்றை வைத்து அடுத்த விலைப்படிக்குத் தள்ளுவார்கள். தீபாவளி மாதத்துக் கணக்கை வைத்து விலை கேளுங்கள். சாதாரண மாதத்தை வைத்துக் கேட்டால் ஏமாந்துபோவீர்கள்.

வாட்ஸ்அப்பின் கட்டணம் தனி. வாடிக்கையாளர் எழுதியதிலிருந்து 24 மணி நேரம் ஒரு சன்னல் திறந்திருக்கும். அதற்குள் நீங்கள் சொல்லும் பதில்களுக்கு 2024 நவம்பர் முதல் மெட்டா கட்டணம் வாங்குவதில்லை. அந்த நேரம் கடந்தால் முன்கூட்டியே அனுமதி வாங்கிய வார்ப்புச் செய்தியைத்தான் அனுப்பலாம். ‘தீபாவளிச் சலுகை’ என்று விளம்பரம் அனுப்பினால், 2025 ஜூலை முதல் போய்ச் சேரும் ஒவ்வொரு செய்திக்கும் காசு. ஆகவே வாடிக்கையாளர் தாமே நம்மைத் தேடி எழுதும்படி செய்கிற கடைக்குச் செலவு குறைவு. வாரம் ஒரு விளம்பரம் அனுப்பும் கடைக்குச் செலவு கூடும்.

நிரல் வழியில் மாதச் சந்தா இல்லைதான். எழுதியவருக்குக் கூலி, சர்வர் வாடகை, பிறகு பராமரிப்பு என்று செலவு வேறு பெயரில் வரும். பராமரிப்பை மறந்துவிட்டுத்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். எழுதி முடித்த நிரல் என்று ஒன்று கிடையாது. மெட்டா தன் விதியை மாற்றும். பழைய பதிப்பை நிறுத்தும். நிரல் எழுதுவோர் பல ஆண்டுகளாக நம்பியிருந்த மைக்ரோசாஃப்ட் போட் ஃபிரேம்வொர்க்குக்கான ஆதரவே 2025 டிசம்பரோடு முடிந்துவிட்டது. தங்கை மகன் படித்து முடித்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டால், அந்த நிரலைத் திறந்து பார்க்க வேறொருவர் வேண்டும். அவருக்குப் புரியும்படி விளக்கம் எழுதிவைத்திருக்கிறானா என்பதை அவன் ஊரில் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.

செக்ரோல் யார் கையில்?

மலாயாவின் முதல் வணிக ரப்பர்த் தோட்டம் 1896-இல் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் தொடங்கியது. டான் சாய் யான் போட்ட தோட்டம். பிறகு ஆசஹானில் பெரிதாக விரிந்தது. அதன் பின் இந்த மாநிலமெங்கும் பரவிய தோட்டங்களில் நம் பாட்டன் பாட்டிகள் விடியற்காலை பெரட்டுக்கு வந்து நின்றார்கள். கிராணி பெயர் கூப்பிட்டு செக்ரோல் என்ற பதிவேட்டில் குறிப்பார். எத்தனை நாள் வேலை, எவ்வளவு பால் என்பதெல்லாம் அவர் எழுதியபடிதான். உழைத்தவர் கையில் அந்தப் புத்தகம் இருந்ததில்லை. கணக்கில் சந்தேகம் வந்தால் காட்ட அவரிடம் ஒன்றுமில்லை.

இன்று நம் வியாபாரத்தின் செக்ரோல் வாடிக்கையாளர் பட்டியலும் பழைய ஆர்டர் கணக்கும்தான். அது இன்னொருவர் புத்தகத்தில் மட்டும் இருக்க விடக்கூடாது. முகவர் ஒருவர் உங்களுக்காகத் தம் பெயரில் மெட்டா கணக்கு திறந்து, தம் பெயரில் சிம் அட்டை வாங்கி, எல்லாவற்றையும் செய்து தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். எண் உங்கள் பெயரில் இருக்க வேண்டும். மெட்டாவின் வியாபாரக் கணக்கு உங்கள் எஸ்எஸ்எம் பதிவுப் பத்திரத்தைக் கொண்டு உங்கள் பெயரில் திறந்திருக்க வேண்டும். லோ-கோட் தளத்திலிருந்து பெயர்ப் பட்டியலைப் பெரும்பாலும் கோப்பாக இறக்கிக்கொள்ள முடியும். ஆனால் பாடுபட்டுக் கட்டிய கட்டங்களை ஒரு தளத்திலிருந்து இன்னொன்றுக்கு அப்படியே எடுத்துப்போக முடியாது. அதனால் என்ன கேள்வி, என்ன பதில், எந்த நிபந்தனை என்பதைச் சாதாரணத் தமிழில் ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். தளம் மாறினாலும், ஆள் மாறினாலும், நிரலுக்கே போனாலும் அந்த நோட்டிலிருந்து மீண்டும் கட்டிவிடலாம்.

சட்டமும் இதையேதான் வேறு விதத்தில் சொல்கிறது. 2010-ஆம் ஆண்டின் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2013 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. 2024-இல் அதைத் திருத்தியபோது, கோட்பாடுகளை மீறினால் விதிக்கும் உச்ச அபராதத்தை 3 லட்சம் ரிங்கிட்டிலிருந்து 10 லட்சமாக உயர்த்தினார்கள். தரவு கசிந்து அதனால் பெரிய தீங்கு நேரும் என்றால் 72 மணி நேரத்துக்குள் ஆணையரிடம் தெரிவிக்க வேண்டும் என்ற விதி 2025 ஜூன் முதல் இருக்கிறது. என்ன விவரம் சேகரிக்கிறோம், எதற்கு என்ற அறிவிப்பை மலாயிலும் ஆங்கிலத்திலும் கொடுக்க வேண்டும். தமிழிலும் கொடுத்தால் நம் பெரியவர்களுக்குப் புரியும். உடல்நிலையும் சமய நம்பிக்கையும் அந்தச் சட்டத்தில் தனிக் கவனத்துக்குரிய விவரங்கள். கிளினிக், திருமணத் தகவல் நிலையம் போன்றவை சாட்போட் வைக்கும்போது இதை மறந்துவிடக்கூடாது.

சேர்ந்து செய்தால் முடியும்

அப்படியானால் எதைத் தேர்ந்தெடுப்பது? வீட்டு வியாபாரத்துக்கு இலவசச் செயலி. இரண்டு மூன்று பேர் வேலை செய்கிற, முன்பதிவு வாங்குகிற கடைக்கு லோ-கோட். கிளைகள், கையிருப்பு, கட்டணம், மின் விலைப்பட்டியல் எல்லாம் ஒன்றோடொன்று பின்னிய வியாபாரத்துக்கு லோ-கோட் முகப்பும் பின்னால் கொஞ்சம் நிரலும். முழுக்க நிரல் என்பது, அதைப் பராமரிக்க நிரந்தரமாக ஓர் ஆளுக்குச் சம்பளம் கொடுக்க முடிகிறவர்களுக்கு மட்டும்.

ஒரு கடைக்கு முடியாததைப் பத்துக் கடை சேர்ந்தால் செய்யலாம் என்பதை உறுதியாக நம்புகிறேன். தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலத்தில், 1960-இல், துன் வீ. தி. சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் பாட்டாளிகள் சிறுகச் சிறுகப் பணம் போட்டுத் தோட்டங்களையே வாங்கினார்கள். அந்தக் கூட்டுறவுப் பழக்கம் நமக்குப் புதிதில்லை. பத்துக் கேட்டரிங், பலகாரக் கடைகள் சேர்ந்து ஒரே நிரலாளருக்கு மாதக் கூலி பகிர்ந்து கொடுத்தால், ஒவ்வொருவருக்கும் ஒரு நடுத்தரச் சந்தா அளவுக்குத்தான் பங்கு வரும். தமிழும் மலாயும் கலந்த செய்தியைப் படிக்கத் தெரிந்த, தீபாவளி என்றால் என்ன அவசரம் என்று புரிந்த ஓர் ஆள் கூப்பிடு தொலைவில் இருப்பார்.

அந்த ஆளைத் தேடி வெகுதூரம் போக வேண்டாம். புக்கிட் பெருவாங்கில் மல்டிமீடியா பல்கலைக்கழகம் இருக்கிறது. டுரியான் துங்கலில் மலாக்கா தொழில்நுட்பப் பல்கலைக்கழகமான யூடெம் இருக்கிறது. நம் பிள்ளைகள் இரண்டிலும் படிக்கிறார்கள். கணினியில் தமிழ் எழுத வழி செய்த முரசு அஞ்சலும், கைப்பேசியில் தமிழைக் கொண்டுவந்த செல்லினமும் மலேசியத் தமிழரான முத்து நெடுமாறனின் உழைப்பு. தமிழ் மென்பொருளுக்கு இந்த மண்ணில் ஒரு முன்னோடி மரபு உண்டு. அடுத்த தலைமுறைக்கு நாம் செய்ய வேண்டியது, ‘சும்மா செஞ்சு குடுடா’ என்று கேட்காமல் ஒப்பந்தம் எழுதி, கூலி கொடுத்து, வேலையாகக் கொடுப்பது.

கையெழுத்துப் போடும் முன்

தளம் விற்பவரிடமும் நிரல் எழுதுபவரிடமும் இந்தக் கேள்விகளைக் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

எண்ணும் மெட்டா கணக்கும் யார் பெயரில் இருக்கும்?

வாடிக்கையாளர் பட்டியலையும் உரையாடலையும் நான் நினைத்தபோது கோப்பாக இறக்கிக்கொள்ள முடியுமா?

ராத்திரி பத்து மணிக்கு நின்றுபோனால் யாரைக் கூப்பிடுவது? எத்தனை மணி நேரத்தில் சரியாகும்?

தீபாவளி மாதத்துக்கு, வாட்ஸ்அப் கட்டணமும் சேர்த்து, மொத்தம் எவ்வளவு வரும்?

என் கடைக்கு வந்த பழைய செய்திகளில் எத்தனைக்குச் சரியாகப் பதில் சொல்கிறது?

சாட்போட்டிலிருந்து மனிதருக்கு மாறும் வழி எங்கே?

என் இப்போதைய வாட்ஸ்அப் எண்ணைச் செயலியிலும் சாட்போட்டிலும் சேர்த்தே ஓட்ட முடியுமா? முன்பெல்லாம் ஒன்றை விட்டால்தான் மற்றொன்று. இப்போது இரண்டும் சேர்ந்து இயங்கும் வசதி வந்திருக்கிறது. உங்கள் தளம் அதைத் தருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நிரல் எழுதினால், மூல நிரலும் சர்வர் கடவுச்சொல்லும் விளக்கக் குறிப்பும் என்னிடம் வருமா?

தைப்பூசம் முடிந்து வியாபாரம் நிதானமாக இருக்கும் மாதங்களில் தொடங்குங்கள். முதலில் இலவசச் செயலியை முழுதாகப் பயன்படுத்துங்கள். தேவைப்பட்டால் லோ-கோட்டில் நான்கு கேள்வியோடு ஒரு சிறிய சாட்போட் போட்டு, எங்கெங்கே தடுக்குகிறது என்று அந்த நோட்டில் குறித்துக்கொண்டே வாருங்கள். ஒரே இடத்தில் அடிக்கடி தடுக்கினால், அந்த இடத்துக்கு மட்டும் நிரல் எழுதச் சொல்லுங்கள். நவராத்திரிக்கு ஒரு மாதம் முன்பே புதிதாக எதையும் சேர்ப்பதை நிறுத்திவிடுங்கள். இந்த வரிசையில் போனால், தீபாவளி நெருக்கத்தில் எது நின்றாலும் எங்கே நின்றது என்று உங்களுக்கே தெரியும், யாரைக் கூப்பிடுவது என்பதும் எழுதி வைத்திருப்பீர்கள், ஆர்டர் பட்டியலும் உங்கள் கையிலேயே இருக்கும்.